அமெரிக்கக் கடன் உச்சவரம்பு சண்டை: சொந்தக் கட்சியே தலைவரைத் தூக்கினது ஏன்? நம்ம வீட்டு பட்ஜெட்டுக்கு 4 பாடங்கள்



2023 அக்டோபர் 3. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி பதவியில இருந்து நீக்கப்பட்டார். ஓட்டெடுப்பு நடத்தி ஒரு சபாநாயகரை நீக்கினது அமெரிக்க வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. தீர்மானம் கொண்டு வந்தது எதிர்க்கட்சி இல்லீங்க. அவரோட குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மேட் கெய்ட்ஸ். 216க்கு 210ன்னு தீர்மானம் ஜெயிச்சது. எதிர்த்து ஓட்டுப் போட்டவங்கள்ல எட்டுப் பேர் சொந்தக் கட்சிக்காரங்க.

அவர் மேல ஊழல் புகாரா? இல்ல. நாட்டோட கடன் விஷயத்துலயும் பட்ஜெட் விஷயத்துலயும் எதிர்க்கட்சியோட சமரசம் பண்ணிக்கிட்டார். குற்றச்சாட்டு அதுதான்.

"இது அமெரிக்கா அரசியலாச்சே, நமக்கு என்ன?"ன்னு நினைக்கலாம். ஆனா கடன், செலவு, குடும்பத்துக்குள்ள வர்ற பணச் சண்டை, இந்த மூணையும் சேர்த்துப் புரிஞ்சுக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல, கடன் உச்சவரம்புன்னா என்ன?

அமெரிக்க அரசு மொத்தமா எவ்வளவு கடன் வாங்கி வச்சிருக்கலாம்னு அங்க சட்டத்துல ஒரு எல்லை போட்டு வச்சிருக்காங்க. 1917ல, முதல் உலகப் போர் சமயத்துல ஆரம்பிச்ச ஏற்பாடு இது. அந்த எல்லையைத் தொட்டுட்டா, நாடாளுமன்றம் அனுமதி கொடுக்காம அரசு கடனைக் கூட்ட முடியாது.

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. உச்சவரம்பை உயர்த்தினா அரசுக்குப் புதுசா செலவு பண்ண அனுமதி கிடைக்குதுன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. செலவுக்கு அனுமதி ஏற்கெனவே அதே நாடாளுமன்றம் கொடுத்தாச்சு. வரி எவ்வளவுன்னும் அவங்கதான் முடிவு பண்ணாங்க. வரவைவிட செலவு அதிகம்னா துண்டு விழும். அந்தத் துண்டுக்குக் கடன் வாங்கித்தான் ஆகணும். ஹோட்டல்ல குடும்பத்தோட உட்கார்ந்து சாப்பிட்டு முடிச்சிட்டு, பில் வந்த பிறகு "பணம் கட்டலாமா வேண்டாமா"ன்னு விவாதம் பண்ற மாதிரி.

1960ல இருந்து இதுவரைக்கும் 70 தடவைக்கு மேல இந்த வரம்பை உயர்த்தியோ நீட்டிச்சோ மாத்தியோ இருக்காங்க. ரெண்டு கட்சி ஆட்சியிலயும் நடந்திருக்கு.

2023ல என்ன நடந்தது?

ஒரு சின்னக் கணக்கு ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு டிரில்லியன் என்பது நம்ம கணக்குல 1 லட்சம் கோடி. 2023 ஜனவரி 19ல அமெரிக்கா தன் எல்லையான 31.4 லட்சம் கோடி டாலரைத் தொட்டுடுச்சு. நிதியமைச்சர் ஜேனட் யெலன் கணக்குல இங்க இருக்கிறதை அங்க மாத்தி சில மாசம் சமாளிச்சாங்க. அதுக்கப்புறம் ஜூன் 5க்கு மேல கையில காசு போதாதுன்னு தேதியே சொல்லிட்டாங்க.

அந்தத் தேதி தாண்டினா என்ன ஆகும்? அங்க 6 கோடிக்கும் மேலானவங்க அரசு ஓய்வூதியத் திட்டத்துல இருந்து மாசாமாசம் பணம் வாங்குறாங்க. ராணுவ வீரர்கள் சம்பளம், கடன் பத்திரத்துக்கு வட்டி, மருத்துவமனைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, இதுல எதை நிறுத்துறதுன்னு முடிவு எடுக்க வேண்டிய நிலைமை. உலகமே பத்திரமான முதலீடுன்னு நம்புற அமெரிக்க அரசுப் பத்திரமே கேள்விக்குறி ஆகியிருக்கும்.

இப்ப சபையோட கணக்கைப் பாருங்க. குடியரசுக் கட்சிக்கு 222 பேர். மெஜாரிட்டிக்கு 218 வேணும். அஞ்சு பேர் முறைச்சாலே கதை முடிஞ்சது. அது மட்டும் இல்ல. மெக்கார்த்தி சபாநாயகர் ஆனதே 15வது சுற்று ஓட்டுல. அந்தப் பதவிக்காக சொந்தக் கட்சியில முரண்டு பிடிச்சவங்களுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார்: ஒரே ஒரு உறுப்பினர் நினைச்சாலும் அவரை நீக்கத் தீர்மானம் கொண்டு வரலாம். (அங்க சபாநாயகர்னா நம்ம ஊர் மாதிரி நடுவர் இல்ல. மெஜாரிட்டி கட்சியோட தலைவர் மாதிரி.)

ஏப்ரல் 26ல அவங்க ஒரு மசோதா நிறைவேத்தினாங்க. பத்து வருஷத்துல 4.8 லட்சம் கோடி டாலர் மிச்சம் ஆகும்னு நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டது. 217க்கு 215. நூலிழையில பாஸ். ஆனா செனட்ல ஜனநாயகக் கட்சி மெஜாரிட்டி, அதிபர் பைடன். அது சட்டம் ஆகப் போறதில்லைன்னு எல்லாருக்குமே தெரியும். பேரம் பேசறதுக்கான தொடக்க விலை அது. பைடனோ ஆரம்பத்துல "பேச்சுவார்த்தையே கிடையாது, வரம்பை அப்படியே உயர்த்துங்க"ன்னு நின்னார்.

கடைசியில மே 27ல ரெண்டு பேரும் ஒத்து வந்தாங்க. சமரசத்தோட சாராம்சம் இதுதான்:

- 2025 ஜனவரி 1 வரைக்கும் கடன் உச்சவரம்பு நிறுத்திவைப்பு.
- ராணுவம் தவிர்த்த வருடாந்திர ஒதுக்கீட்டுச் செலவு 2024ல கிட்டத்தட்ட அதே அளவு, 2025ல 1 சதவீதம்தான் கூடலாம்.
- உணவு உதவி வாங்குற, குழந்தைகள் இல்லாதவங்களுக்கான வேலை நிபந்தனை 54 வயசு வரைக்கும் நீட்டிப்பு.
- பத்து வருஷத்துல துண்டு சுமார் 1.5 லட்சம் கோடி டாலர் குறையும்னு மதிப்பீடு.

4.8 கேட்டு 1.5 கிடைச்சது. குடியரசுக் கட்சியோட கடும்போக்குக் குழு "ஏமாத்திட்டார்"னு கொதிச்சது. அந்தப் பக்கம் ஜனநாயகக் கட்சியோட இடதுசாரிகள் "ஏழைங்க சாப்பாட்டுல கை வச்சிட்டாங்க"ன்னு கொதிச்சாங்க. மே 31 ஓட்டெடுப்புல 314 ஆதரவு, 117 எதிர்ப்பு. குடியரசுக் கட்சியில 149 பேர் ஆதரவு, 71 பேர் எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியில 165 ஆதரவு, 46 எதிர்ப்பு. கவனிங்க, சபாநாயகரோட சொந்த மசோதாவுக்கு அவர் கட்சியைவிட எதிர்க்கட்சிதான் அதிக ஓட்டுப் போட்டுச்சு. செனட்ல 63க்கு 36. ஜூன் 3ல பைடன் கையெழுத்து. கெடு முடிய ரெண்டே நாள்.

அந்தக் கோபம் ஆறவே இல்ல. அடுத்த வாரமே கட்சிக்குள்ள ஒரு குழு, சபை நடவடிக்கைக்கான தீர்மானத்தைத் தோற்கடிச்சு சபையை முடக்கினாங்க. செப்டம்பர் 30ல அரசு அலுவலகங்கள் மூடாம இருக்க, மெக்கார்த்தி மறுபடியும் எதிர்க்கட்சி ஓட்டோட ஒரு தற்காலிக பட்ஜெட்டை நிறைவேத்தினார். மூணாவது நாள் பதவி போச்சு. அதுக்கப்புறம் மூணு வாரம் சபைக்குத் தலைவரே இல்ல. அக்டோபர் 25ல மைக் ஜான்சன் வந்தார். அவரும் நவம்பர்ல என்ன பண்ணார் தெரியுமா? எதிர்க்கட்சி ஓட்டை வாங்கி ஒரு தற்காலிக பட்ஜெட்!

இதை ஒரு வீட்டுக் கணக்கா மாத்திப் பார்ப்போம்

1 லட்சம் கோடி டாலரை 1 லட்சம் ரூபாயா வச்சுக்கோங்க. 2023 நிதியாண்டுல அந்த "வீடு" இப்படி இருக்கும்:

- வருஷ வருமானம்: 4.4 லட்சம்
- வருஷச் செலவு: 6.1 லட்சம்
- துண்டு: 1.7 லட்சம்
- மொத்தக் கடன்: 33 லட்சம்

செலவைப் பிரிச்சா:

- ஓய்வூதியம், முதியோர் மருத்துவம், ஏழைகள் மருத்துவம் மாதிரி சட்டப்படி தானா போற செலவு: சுமார் 3.8 லட்சம்
- ராணுவம்: சுமார் 80,000
- நிகர வட்டி: சுமார் 66,000
- மத்த எல்லாம் (கல்வி, ஆராய்ச்சி, சாலை, அரசு அலுவலகங்கள்): சுமார் 92,000

இப்ப சொல்லுங்க, அந்த மே மாசம் பேரம் எதைப் பத்தி? பெரும்பாலும் அந்தக் கடைசி 92,000த்தைப் பத்தி. 3.8 லட்சத்துல பெரிய பங்கான ஓய்வூதியத்தையும் முதியோர் மருத்துவத்தையும் தொட மாட்டோம்னு ரெண்டு கட்சியும் வருஷ ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க. ராணுவத்தைக் குறைக்க மாட்டோம். வட்டியைக் குறைக்க முடியாது. வரியைக் கூட்ட மாட்டோம்னு குடியரசுக் கட்சி. ஆக, மொத்தச் செலவுல ஆறுல ஒரு பங்கை வச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு அடிதடி.

அந்தச் சமயத்துல அடுத்த பத்து வருஷத்துக்கு எதிர்பார்த்த மொத்தத் துண்டு சுமார் 20 லட்சம் கோடி டாலர். அதுல சமரசம் குறைச்சது 1.5. கடும்போக்குக் குழு கேட்ட 4.8 முழுசா கிடைச்சிருந்தாலும் நாலுல ஒரு பங்குகூட இல்ல. "துரோகி"ன்னு திட்டினவங்களோட திட்டமும் கடன் பிரச்சனையைத் தீர்த்திருக்காது. இதுதான் இந்தக் கதையில யாரும் சத்தமா சொல்லாத விஷயம்.

முடிவு? 2024 தொடக்கத்துலயே கடன் 34 லட்சம் கோடி டாலரைத் தொட்டுடுச்சு. 2024 நிதியாண்டுல வட்டிச் செலவு ராணுவச் செலவையே தாண்டிடுச்சு. 2025 ஜூலையில அதே குடியரசுக் கட்சி, தங்களோட சொந்த வரி மசோதாவுல உச்சவரம்பை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தினாங்க. பிரதிநிதிகள் சபையில அவங்க கட்சியில அதை எதிர்த்தது ரெண்டே பேர்.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். நாடு வேற, வீடு வேற. அமெரிக்கா சொந்த நாணயத்துல கடன் வாங்குது, பழைய கடனைப் புதுக் கடன் வாங்கி அடைக்கலாம், அதுக்கு ரிட்டயர்மென்ட் வயசு கிடையாது. நமக்கு இந்த வசதி எதுவும் இல்ல. அதனாலதான் இந்தப் பாடம் அவங்களைவிட நமக்கு முக்கியம்.

பாடம் 1: சண்டையை பில் வர்ற அன்னைக்குப் போடாதீங்க

நிறைய வீட்டுல கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வர்ற அன்னைக்குத்தான் கணவன் மனைவி சண்டை. அன்னைக்குச் சண்டை போட்டு ஒரு பைசா குறையாது. லேட் ஆனா அபராதம்தான் கூடும். 2011லயும் இதே மாதிரி கடைசி நிமிஷம் வரைக்கும் இழுத்தாங்க. அந்த இழுபறியால மட்டும் அந்த வருஷம் அமெரிக்க அரசோட கடன் செலவு சுமார் 130 கோடி டாலர் கூடிச்சுன்னு அவங்க தணிக்கை அமைப்பே சொல்லுச்சு. முடிவு எடுக்க வேண்டிய நேரம் இஎம்ஐ ஃபார்ம்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி. கையெழுத்துப் போட்டாச்சுன்னா கட்டித்தான் ஆகணும்.

பாடம் 2: பெரிய தலைப்பைத் தொடாம கடன் குறையாது

மாசம் 50,000 வருமானம், வீட்டு லோனும் கார் லோனும் சேர்த்து 28,000 இஎம்ஐன்னு வைங்க. 200 ரூபா ஓடிடி சந்தாவை நிறுத்தணுமா வேண்டாமான்னு ஒரு வாரம் சண்டை போட்டா யாருக்கு லாபம்? சின்னச் செலவைக் குறைக்கக் கூடாதுன்னு சொல்லல. குறைங்க. ஆனா அதோட கடமை முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. கார் லோனை முன்கூட்டியே அடைக்கலாமா, வீட்டு லோன் வட்டியை வேற பேங்க்குக்கு மாத்தி அரை சதவீதம் குறைக்க முடியுமா, வாடகை வீட்டை மாத்தலாமா? கஷ்டமான கேள்விங்கதான். விடை கிடைக்கிற இடமும் அதுதான்.

பாடம் 3: "நான் அப்பவே சொன்னேன்" ஓட்டு சுலபம்

71 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்களே, நாடு திவாலாகணும்னா? எல்லாரும் அப்படி நினைச்சிருக்க மாட்டாங்க. மத்தவங்க ஓட்டுல மசோதா எப்படியும் பாஸ் ஆகிடும்னு தெரிஞ்சா, எதிர்த்துப் போடறதுக்குச் செலவே இல்ல. அங்க நிறைய தொகுதியில பொதுத்தேர்தல் முடிவு முன்னாடியே தெரிஞ்ச கதை. உண்மையான போட்டி, கட்சிக்குள்ள வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல்ல. அங்க "நான் சமரசம் பண்ணிக்கல"ன்னு சொல்றவருக்குக் கைத்தட்டல். இது ஒரு கட்சியோட வியாதி இல்ல. 2006ல செனட்டரா இருந்தப்ப ஒபாமா வரம்பை உயர்த்தறதை எதிர்த்து ஓட்டுப் போட்டார். 2011ல அதிபரா இருந்தப்ப அவரே உயர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டி வந்தது.

வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. கார்ல எல்லாரோடயும் ஏறி கோயிலுக்குப் போவாங்க, இஎம்ஐ பேச்சு வந்தா "எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல"ம்பாங்க. தப்பு அவங்க மேல மட்டும் இல்ல. முடிவு எடுக்கும்போது அவங்களை உட்கார வச்சுப் பேசலைன்னா, அந்த முடிவுக்கு அவங்க எப்படிப் பொறுப்பு எடுப்பாங்க? மெக்கார்த்தி ஜனவரியில ஒரு பக்கம் வாக்குறுதி, மே மாசம் இன்னொரு பக்கம் கைகுலுக்கல். சமரசம் தேவைப்பட்டதுதான். ஆனா எதை விட்டுக்கொடுப்போம்னு தன் ஆளுங்ககிட்ட முன்னாடியே ஒத்துக்க வைக்காத சமரசம் நிக்கல.

பாடம் 4: தலைப்புச் செய்தியைப் பார்த்து முதலீட்டை விக்காதீங்க

2011 ஆகஸ்ட் 5ல எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவோட கடன் தரத்தை முதல் தடவையா குறைச்சது. அடுத்த திங்கட்கிழமை அமெரிக்கப் பங்குச்சந்தை ஒரே நாள்ல 6 சதவீதத்துக்கும் மேல சரிஞ்சது. வேடிக்கை என்னன்னா, பயந்தவங்க பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டது அதே அமெரிக்க அரசுப் பத்திரத்துல. 2023 ஆகஸ்ட் 1ல ஃபிட்ச் நிறுவனமும், 2025 மே மாசம் மூடிஸ் நிறுவனமும் தரத்தைக் குறைச்சாங்க. ஃபிட்ச் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, இந்தக் கடைசி நிமிஷச் சண்டைகள். ஆனா 2023 முழு வருஷத்தையும் பார்த்தா, எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 24 சதவீதம் ஏறித்தான் முடிஞ்சது. மே மாசம் பயந்து வித்துட்டு வெளிய நின்னவங்களுக்கு அந்த ஏற்றம் கிடைக்கல.

அதுக்காக பாதிப்பே இல்லைன்னு அர்த்தம் இல்ல. அமெரிக்கப் பத்திர வட்டி ஏறினா வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம்ம சந்தையில இருந்து பணத்தை எடுப்பாங்க, ரூபாய்க்கு அழுத்தம் வரும். 2023 அக்டோபர்ல அங்க பத்து வருஷப் பத்திர வட்டி 5 சதவீதத்தைத் தொட்டப்ப நாம இதைப் பார்த்தோம். அதனால பழைய விதியையே பிடிச்சுக்கோங்க: ஒரு வருஷத்துக்குள்ள தேவைப்படுற பணம் (ஸ்கூல் ஃபீஸ், கல்யாணச் செலவு) பங்குச்சந்தைப் பக்கமே போகக் கூடாது. பத்து வருஷம் கழிச்சுத் தேவைப்படுற பணத்தை ஒரு ஓட்டெடுப்புச் செய்தி பார்த்து எடுக்கக் கூடாது.

"நம்ம நாட்டுல இப்படி நடக்குமா?"

அதே மாதிரி நடக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அரசியல் சட்டம் 292வது பிரிவுப்படி கடனுக்கு எல்லை போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்கு. 2003ல நிதிப் பொறுப்புச் சட்டமும் வந்தது. ஆனா இங்க பட்ஜெட் மக்களவையில தோத்தா ஆட்சியே போயிடும். 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தால, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா எம்.பி. பதவியும் போகலாம். அதனால இங்க சண்டை சபைக்குள்ள வெடிக்காது, மூடின கதவுக்குப் பின்னாடியே முடிஞ்சிடும். அதுல ஒரு நல்லதும் இருக்கு, ஒரு கெட்டதும் இருக்கு. பில் நேரத்துக்குக் கட்டிடறோம். ஆனா கடன் எவ்வளவு, எதுக்குன்னு மக்கள் முன்னாடி பேசறது குறைவு. அடுத்த பிப்ரவரி பட்ஜெட் வரும்போது வரிச் சலுகையை மட்டும் பார்க்காம, வட்டிக்கு எவ்வளவு போகுதுங்கற வரியையும் ஒரு தடவை பாருங்க.

இந்த வாரத்துக்கான வேலை

ஒரு பேப்பர் எடுங்க. போன மூணு மாசச் செலவைப் பெருசுல இருந்து சின்னதா வரிசையா எழுதுங்க. முதல் அஞ்சு வரியை மட்டும் வட்டம் போடுங்க. வீட்டுல எல்லாரையும் உட்கார வச்சு, அந்த அஞ்சுல எதைக் குறைக்க முடியும்னு மட்டும் பேசுங்க. ஆறாவது வரியில இருந்து கீழ இருக்கறதை அடுத்த வாரத்துக்கு விடுங்க. பேசி முடிச்சதை எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க. மறக்காம, வட்டிக்கு மட்டும் மாசம் எவ்வளவு போகுதுன்னு தனியா ஒரு வரி எழுதுங்க. நிறைய பேருக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே தூக்கம் கலைஞ்சிடும்.

இது பொதுவான புரிதலுக்கான கட்டுரைதான், தனிப்பட்ட முதலீட்டு ஆலோசனை இல்ல. வீட்டு லோனை வேற பேங்க்குக்கு மாத்தும்போது என்னென்ன கட்டணம் வரும், எப்ப மாத்தினா லாபம், எப்ப நஷ்டம்னு அடுத்த வீடியோல கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்க லோன் ஸ்டேட்மென்ட்டைக் கையில எடுத்து வச்சுக்கோங்க.